குழந்தைகள் படம் பார்த்து அழட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

குழந்தைகளுக்கான அனிமேஷன் படங்கள் வெளியாகும்போது நாளிதழ்களில் வரும் விமர்சனங்கள் பெரும்பாலும் சில வரிகளிலேயே முடிந்துவிடுகின்றன. வண்ணங்கள் கண்ணைக் கவர்கின்றன, நகைச்சுவை எடுபட்டிருக்கிறது, குடும்பத்துடன் பார்க்கலாம் என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறார்கள். சில நேரங்களில், இறுதிப் பகுதியில் சோகம் சற்று அதிகம், சிறு குழந்தைகள் அழக்கூடும் என்ற எச்சரிக்கையும் அதனுடன் சேர்ந்துகொள்ளும். அந்த எச்சரிக்கையைப் பற்றித்தான் இந்தக் கடிதம். குழந்தை அழுவதைப் படத்தின் குறையாகவும், பெற்றோர் முன்கூட்டியே தவிர்த்துவிட வேண்டிய ஓர் இடராகவும் கருதும் மனநிலையை எதிரே உட்காரவைத்துக் கேள்வி கேட்கும் ஒரு படத்தை அண்மையில் என் பிள்ளைகளுடன் மீண்டும் ஒருமுறை பார்த்தேன். பிக்சார் நிறுவனம் 2015ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘இன்சைடு அவுட்’ என்பது அந்தப் படம். பீட் டாக்டர் இயக்கிய இப்படம் அவ்வாண்டு மே மாதம் கான் திரைப்பட விழாவில் முதலில் திரையிடப்பட்டு, அடுத்த ஆண்டு சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் விருதையும் பெற்றது. விருதுகளைவிட, ஒரு பெற்றோர் தம் பிள்ளையின் பக்கத்தில் அமர்ந்து இதைப் பார்க்கும்போது என்ன நேர்கிறது என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

கதை மிகச் சிறியது. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் பிறந்து வளர்ந்த ரைலி என்ற 11 வயதுச் சிறுமியின் குடும்பம், தந்தையின் தொழில் நிமித்தமாகச் சான் பிரான்சிஸ்கோ நகருக்குக் குடிபெயர்கிறது. புதிய வீடு இருளடைந்து கிடக்கிறது. சாமான்களை ஏற்றிய வண்டி வந்து சேரவில்லை. பள்ளியில் தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. வெளியுலகில் நடப்பது ஏறத்தாழ இவ்வளவுதான். கெட்டவன் என்று சுட்டிக்காட்ட ஒருவரும் இந்தப் படத்தில் இல்லை. தாயும் தந்தையும் அன்பானவர்கள், ஆசிரியை கனிவானவர். ஆனாலும் அந்தச் சிறுமி படத்தின் முடிவுக்குள் வீட்டை விட்டே கிளம்பிவிடும் நிலைக்கு வந்துவிடுகிறாள். நல்லவர்கள் மட்டுமே சூழ்ந்திருக்கும் ஒரு குழந்தை ஏன் இப்படித் தனித்துப்போகிறாள் என்பதை அவள் மனத்துக்குள் இருந்து காட்டுவதுதான் படத்தின் பெரும்பகுதி.

அங்கே ஒரு கட்டுப்பாட்டு அறை இருக்கிறது. மகிழ்ச்சி, சோகம், பயம், கோபம், அருவருப்பு என்ற ஐந்து உணர்ச்சிகள் ஐந்து பாத்திரங்களாக அங்கே நின்று ரைலியை இயக்குகின்றன. ரைலி பிறந்து கண் திறந்ததும் முதலில் தோன்றுபவள் மகிழ்ச்சி. இனி நானும் இந்தக் குழந்தையும் மட்டும்தான் என்று அவள் பூரித்துப்போய் நிற்க, 33 வினாடிகளில் சோகம் வந்து பக்கத்தில் நின்றுவிடுகிறாள். பின்பு ஒவ்வொருவரையும் மகிழ்ச்சி நமக்கு அறிமுகப்படுத்துகிறாள். பயம் குழந்தையை ஆபத்திலிருந்து காக்கிறது; அருவருப்பு நஞ்சாகக்கூடியதை விலக்கிவைக்கிறது; நியாயம் தவறினால் கோபம் எழுந்து நிற்கிறது. சோகத்தின் முறை வரும்போது மட்டும், இவளுக்கு இங்கே என்ன வேலை என்று எனக்கே விளங்கவில்லை என்கிறாள். அந்த ஒரு கேள்விக்குப் பதில் தேடித்தான் படம் முழுவதும் நகர்கிறது. பெரியவர்களாகிய நாமும் குழந்தையின் மற்ற உணர்ச்சிகளுக்கு ஏதோ ஒரு பயனை ஒப்புக்கொள்கிறோம்; பயந்தால் எச்சரிக்கை என்கிறோம், கோபப்பட்டால் ரோஷம் என்றாவது சொல்லிக்கொள்கிறோம். அழுகைக்கு மட்டும் எந்த வேலையும் நாம் ஒதுக்கியதில்லை.

படத்தில் என்னை அதிகம் உறுத்திய காட்சி சத்தமே இல்லாத ஒரு சிறு காட்சி. புதிய வீட்டில் முதல் நாள் இரவு, கட்டில்கூட இல்லாத அறையில் ரைலி படுத்திருக்கிறாள். தாய் வந்து பக்கத்தில் அமர்ந்து, இவ்வளவு குழப்பத்திலும் நீ எங்கள் சந்தோஷமான பெண்ணாகவே இருந்தாய் என்று மகளுக்கு நன்றி சொல்கிறாள். அப்பாவுக்குப் பெரும் அழுத்தம் இருக்கிறது, நாம் இருவரும் தொடர்ந்து சிரித்த முகமாக இருந்தால் அவருக்கு உதவியாக இருக்கும் என்கிறாள். அன்பு நிறைந்த வார்த்தைகள் அவை. எந்தத் தாயும் சொல்லக்கூடியவை, நானும் சொல்லக்கூடியவை. ஆனால், அந்த நொடியிலிருந்து ரைலியின் புன்னகை அவளுடையதாக இல்லாமல், குடும்பத்துக்காக அவள் செய்ய வேண்டிய வேலையாகிவிடுகிறது. அதற்குப் பிறகு படத்தில் நடக்கும் அத்தனை இடிபாடுகளுக்கும் விதை அங்கேதான் விழுகிறது. நல்ல பிள்ளை, சமர்த்துப் பிள்ளை, அழவே மாட்டாள் என்று நாம் பிறரிடம் பெருமையாகச் சொல்லும்போது, கேட்டுக்கொண்டு நிற்கும் குழந்தையின் தோளில் என்ன ஏறுகிறது என்பதை இதைவிடத் தெளிவாக வேறு எங்கும் நான் பார்த்ததில்லை.

உணர்ச்சியை முகத்தில் காட்டாமல் அடக்கினால் அது உள்ளே தானாகவே அடங்கிவிடும் என்று நாம் நம்புகிறோம். ஜேம்ஸ் கிராஸ், ராபர்ட் லெவன்சன் என்ற இரு உளவியலாளர்கள் 1993ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு ஒன்று இதற்கு நேர்மாறான சித்திரத்தைத் தருகிறது. அருவருப்பூட்டும் காட்சிகளைப் பார்க்கும்போது அதை வெளிக்காட்ட வேண்டாம் என்று சிலரிடம் சொல்லப்பட்டது. அவர்களும் முகத்தில் பெருமளவு காட்டாமலே இருந்தார்கள். ஆனால், அவர்கள் உள்ளே உணர்ந்த அருவருப்பு குறையவில்லை. அதற்கு மேல், உடலின் உட்கிளர்ச்சியைக் காட்டும் சில அளவீடுகள் மற்றவர்களைக் காட்டிலும் கூடியிருந்தன. அந்த ஆய்வில் பங்கேற்றவர்கள் வளர்ந்தவர்கள்; ஆகவே, அதன் முடிவை அப்படியே குழந்தைகள்மீது ஏற்றிச் சொல்ல நான் துணியமாட்டேன். ஆயினும், சில நிமிடங்கள் முகத்தை அடக்கிக்கொள்வதற்கே உடல் இப்படி ஒரு விலை கொடுக்கிறது என்றால், நாள்கணக்கில் சிரித்த முகத்தைச் சுமக்கும் பிள்ளையைப் பற்றி நாம் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

மறுநாள் காலையில் மகிழ்ச்சி செய்யும் காரியம் ஒன்று உண்டு. தரையில் சாக்கட்டியால் ஒரு வட்டம் வரைந்து, உன் வேலை இதற்குள்ளேயே நிற்பதுதான், சோகம் முழுவதும் இந்த வட்டத்தைத் தாண்டாமல் பார்த்துக்கொள் என்று சோகத்திடம் ஒப்படைக்கிறாள். குழந்தைகள் இந்த இடத்தில் சிரிக்கிறார்கள். பெரியவர்கள் சிரிப்பது எனக்குக் கடினமாக இருந்தது. உறவினர் வந்திருக்கிறார்கள், இப்போது அழாதே; வெளியே வந்திருக்கிறோம், இங்கே அழாதே; ஆண் பிள்ளை, எப்போதும் அழாதே என்று நாம் வரையும் வட்டங்கள் எத்தனை! வட்டம் நிற்பதில்லை என்பதையும் படம் உடனே காட்டிவிடுகிறது. ஆசிரியை கேட்டதன்பேரில் வகுப்பின் முன் நின்று மினசோட்டாவைப் பற்றியும், பனியில் குடும்பத்தோடு ஹாக்கி ஆடியதைப் பற்றியும் ரைலி உற்சாகமாகச் சொல்லிக்கொண்டே வருகிறாள். பாதியில் குரல் உடைந்து அழுதுவிடுகிறாள். அவள் மனத்துக்குள் ஒவ்வொரு நினைவும் அதற்குரிய உணர்ச்சியின் நிறத்தில் ஓர் உருண்டையாக இருக்கிறது; மகிழ்ச்சிக்குப் பொன்னிறம், சோகத்துக்கு நீலம். பொன்னிறமாக ஒளிர்ந்துகொண்டிருந்த அந்த ஹாக்கி நினைவின் உருண்டை சோகத்தின் கை பட்டதும் நீலமாகிவிட்டது. நினைவுகள் கண்ணாடி உருண்டைகளாக மூளையில் அடுக்கப்பட்டிருக்கவில்லை என்பது யாவரும் அறிந்தது. ஆனால், ஒன்றை நினைவுகூரும்போதெல்லாம் அப்போதைய மனநிலை அதில் கலந்து, அது சற்றே மாறிய வடிவில் மறுபடி பதிகிறது என்று நினைவாற்றல் குறித்த ஆய்வுகள் சொல்வதை, ஐந்து வயதுக் குழந்தைக்கும் விளங்கும்படி ஒரு நிறமாற்றத்தில் காட்டிவிட்டார்கள். இழந்த இடத்தின் இனிய நினைவே அதிகம் வலிக்கும் என்பதை அந்த நீலம் சொல்லிவிடுகிறது.

அந்தக் குழப்பத்தில் மகிழ்ச்சியும் சோகமும் கட்டுப்பாட்டு அறையிலிருந்து வெளியே வீசப்பட்டு, நினைவுக் கிடங்கின் நெடும் பாதைகளில் வழி தேடி அலைகிறார்கள். அறையில் எஞ்சியிருப்பவை கோபமும் பயமும் அருவருப்பும் மட்டுமே. வெளியே தாயும் தந்தையும் காண்பதோ, கேட்டதற்கெல்லாம் எரிந்துவிழும் ஒரு பெண்ணை. சாப்பாட்டு மேசையில் வாக்குவாதம் முற்றி, உன் அறைக்குப் போ என்று தந்தை குரலை உயர்த்துகிறார். பிள்ளைகளை வளர்ப்பவர்கள் இந்தக் காட்சியை இரண்டு முறை பார்க்க வேண்டும் என்பேன். அழ முடியாத குழந்தைக்கு எஞ்சும் மொழி கோபம்தான் என்பதை விளக்கவுரை எதுவும் இல்லாமல் அது காட்டிவிடுகிறது.

இனி, பிங் பாங். ரைலி சிறு குழந்தையாக இருந்தபோது தனக்காகக் கற்பனையில் உருவாக்கிக்கொண்ட நண்பன் அவன். கொஞ்சம் யானை, கொஞ்சம் பூனை, கொஞ்சம் டால்பின், உடம்பெல்லாம் பஞ்சுமிட்டாய், அழுதால் கண்ணிலிருந்து மிட்டாய்கள் உதிரும். ரைலி வளர்ந்தபின் அவனை மறந்துவிட்டாள். என்றாவது ஒருநாள் தன்னை அவள் மறுபடி நினைப்பாள், பாட்டுப் பாடினால் பறக்கும் தங்கள் வண்டியில் இருவரும் நிலாவுக்குப் போவோம் என்ற நம்பிக்கையில் நினைவுக் கிடங்கில் அவன் சுற்றிக்கொண்டிருக்கிறான். அந்த வண்டியைப் பழையன கழிக்கும் தொழிலாளர்கள் தள்ளிக்கொண்டு போய் மறதியின் பள்ளத்தில் கொட்டிவிடுகிறார்கள். அவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிடுகிறான்.

மகிழ்ச்சி ஓடி வருகிறாள். எழுந்திரு, எல்லாம் சரியாகிவிடும் என்கிறாள். கிச்சுகிச்சு மூட்டுகிறாள், முகத்தைக் கோணலாக்கிக் காட்டுகிறாள், விளையாட்டுக்கு அழைக்கிறாள். எதற்கும் அவன் அசைவதில்லை. அழும் குழந்தையின் முன் நாம் செய்வதெல்லாம் இவைதாம் என்பதைப் பாருங்கள்: வேறு பொருளைக் காட்டுகிறோம், தின்பண்டம் தருகிறோம், கைப்பேசியை நீட்டுகிறோம். அதன்பின் சோகம் மெதுவாக வந்து அவன் அருகில் அமர்கிறாள். உன் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்களே, நீ மிகவும் நேசித்த ஒன்று போய்விட்டது, இனி திரும்பி வராது என்கிறாள். அவனை மேலும் வருத்தப்படுத்தாதே என்று மகிழ்ச்சி தவிக்கிறாள். சோகமோ அவன் சொல்லும் பழைய கதைகளைக் கேட்கிறாள். ரைலியும் அவனும் சேர்ந்து செய்தவற்றை அவன் சொல்லச் சொல்ல, எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்கிறாள். அவன் அவள் தோளில் சாய்ந்து அழுகிறான், மிட்டாய்கள் உதிர்கின்றன. சற்று நேரத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இப்போது பரவாயில்லை என்று எழுந்து நடக்கத் தொடங்குகிறான். நீ எப்படி இதைச் செய்தாய் என்று மகிழ்ச்சி வியந்து கேட்கிறாள். அவன் சோகமாக இருந்தான், நான் கேட்டேன், அவ்வளவுதான் என்ற பொருளில் எளிமையாகப் பதில் வருகிறது. இரண்டு நிமிடம் ஓடக்கூடிய காட்சி. குழந்தை வளர்ப்பு குறித்து நான் படித்த எந்தக் கட்டுரையும் எனக்கு இந்த அளவுக்குப் பயன்பட்டதில்லை.

பின்னர் மகிழ்ச்சியும் பிங் பாங்கும் அதே மறதியின் பள்ளத்தில் விழுந்துவிடுகிறார்கள். அங்கே கிடந்த வண்டியால் இருவரையும் சுமந்து மேலே எழ முடியாததால், மகிழ்ச்சியாவது பறந்து தப்ப வேண்டும் என்பதற்காகப் பிங் பாங் வண்டியிலிருந்து தானாகக் குதித்துவிட்டு, கீழே நின்று கையசைத்தபடியே மறைந்துபோகிறான். இந்தப் படத்தைத் திரையரங்கில் முதலில் பார்த்தபோது, இந்த இடத்தில் என்னைச் சுற்றி இருந்த இருக்கைகளில் பல குழந்தைகள் விசும்பினார்கள். கூடவே பெரியவர்களின் கிசுகிசுப்பும் எழுந்தது. அது வெறும் கார்ட்டூன், இதற்குப் போய் யாராவது அழுவார்களா, கண்ணைத் துடை, பாப்கார்ன் சாப்பிடு. அவர்களின் அக்கறையை நான் குறைசொல்லவில்லை. குழந்தை துயரப்படுவதைப் பார்த்துக்கொண்டிருப்பது யாருக்கும் எளிதான காரியமன்று. ஆனால், சற்று முன்புதான் திரையில் மகிழ்ச்சி செய்து தோற்றுப்போன காரியத்தை, அந்தக் காட்சியின் ஈரம் காய்வதற்குள் நாம் அரங்கில் திரும்பச் செய்கிறோம் என்பதையாவது கவனிக்க வேண்டாமா?

அண்மையில் வீட்டில் பார்த்தபோது என் இளைய மகள் அதே இடத்தில் அழுதாள். நிறுத்திவிடட்டுமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்று தலையசைத்துவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு முழுவதையும் பார்த்து முடித்தாள். மறுநாள், தான் திரும்பி வரமாட்டோம் என்று பிங் பாங்குக்கு முன்பே தெரியுமா என்று கேட்டாள். தெரியும் என்றுதான் நினைக்கிறேன் என்றேன். தெரிந்தும் அவன் ஏன் சிரித்துக்கொண்டே கையசைத்தான் என்று அடுத்த கேள்வி வந்தது. அதைப் பற்றி நாங்கள் வெகுநேரம் பேசினோம். பதில் ஒன்றையும் முடிவு செய்யவில்லை. முந்தைய நாள் அவளுடைய அழுகையை ஒரு சிரிப்பு மூட்டி அணைத்திருந்தால், இந்தக் கேள்வி அவளுக்குள் உருவாகியிருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்.

இவ்வளவு ஆழமான இடத்துக்கு இந்தப் படம் எடுத்த எடுப்பில் வந்துவிடவில்லை என்பதும் சொல்லத்தக்கது. தம் மகள் வளர்ந்து 11 வயதை நெருங்கியபோது, முன்பிருந்த குதூகலம் குறைந்து ஒதுங்கத் தொடங்கியதைக் கண்டு, அவள் தலைக்குள் என்ன நடக்கிறது என்று இயக்குநர் பீட் டாக்டர் யோசித்ததில் பிறந்த கதை இது. தொடக்க வடிவத்தில் மகிழ்ச்சியுடன் பயணம் செல்லும் பாத்திரமாக இருந்தது பயம். படத்தயாரிப்பு பல ஆண்டுகள் நடந்தபின், கதை எங்கும் போய்ச் சேராததை அவர் உணர்ந்தார். வேலையே போய்விடுமோ என்ற கவலையுடன் தனியே நடந்துகொண்டிருந்தபோது, அப்படிப் போய்விட்டால் தாம் எதை அதிகம் இழப்போம் என்று எண்ணிப்பார்த்து, உடன் பணியாற்றிய நண்பர்களையே என்று கண்டதாகவும், சேர்ந்து சிரித்தவர்களோடு மட்டுமன்றிச் சேர்ந்து துயரப்பட்டவர்களோடும்தான் தம் உறவு நெருங்கியிருந்தது என்று புரிந்துகொண்டதாகவும் அவர் பேட்டிகளில் கூறியிருக்கிறார். அதற்குப் பிறகே பயத்தின் இடத்துக்குச் சோகம் வந்தது. இந்த மாற்றம் நடக்காமல் போயிருந்தால் இது வழக்கமான ஒரு சாகசப் படமாக நின்றிருக்கும்.

படக்குழுவினர் முகபாவனை ஆய்வில் பெயர்பெற்ற பால் எக்மனையும், பெர்க்லி பல்கலைக்கழகத்தின் டேக்கர் கெல்ட்னரையும் ஆலோசகர்களாக வைத்துக்கொண்டனர். எக்மன் அடிப்படை உணர்ச்சிகளாக எண்ணியவற்றில் வியப்பும் ஒன்று. பயத்தோடு அது பெரிதும் ஒத்துப்போவதால் படத்தில் விடப்பட்டது. படம் வெளியானபின், 2015 ஜூலையில் அந்த இருவரும் நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் எழுதிய கட்டுரையில் ஒரு குறையையும் சுட்டினார்கள். சோகம் படத்தில் சோர்ந்து தரையில் கிடக்கிறாள், காலைப் பிடித்து இழுத்துச் செல்லவேண்டியவளாக இருக்கிறாள். உண்மையில் சோகம் உடலைக் கிளர்ச்சியுறச் செய்து, இழப்பை எதிர்கொள்ள ஆயத்தப்படுத்துகிறது என்பது அவர்கள் கருத்து. ஆலோசகர்களே பொதுவெளியில் இப்படித் திருத்தம் சொன்னது எனக்கு அந்தப் படத்தின்மீது மதிப்பைக் கூட்டவே செய்தது.

தமிழ் வாசகர்களுக்கு இவை முற்றிலும் புதிய சிந்தனைகளும் அல்ல. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் நகை, அழுகை, இளிவரல் (இழிவுணர்வு), மருட்கை (வியப்பு), அச்சம், பெருமிதம், வெகுளி (கோபம்), உவகை (மகிழ்ச்சி) என்று எட்டு மெய்ப்பாடுகளை, அதாவது உடலில் வெளிப்படும் உணர்ச்சிகளை, எண்ணுகிறது. இளிவரலின் எல்லைகள் அருவருப்பின் எல்லைகளோடு முழுவதும் பொருந்தாவிட்டாலும், படத்தின் ஐந்து பாத்திரங்களும், விடுபட்ட வியப்பும்கூட, ஏறக்குறைய அந்த எட்டுக்குள் வந்துவிடுகின்றன. இதை வைத்து எல்லாம் நம்மிடம் முன்பே இருந்தன என்று மார்தட்டுவது என் நோக்கமன்று. எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. அழுகை பிறக்கும் நிலைக்களன்களாக இளிவு, இழவு, அசைவு, வறுமை என்ற நான்கை அந்நூல் தருகிறது. இவற்றுள் அசைவு என்பதற்குப் பேராசிரியர் என்ற பெயருடைய பழைய உரையாசிரியர் எழுதிய உரை, பண்டை நிலைமை கெட்டு வேறொருவாறாகி வருந்துதல் என்பது. பழகிய ஊரும் நட்பும் விளையாட்டும் ஒரே நாளில் இல்லாமல்போய், வேறொரு வாழ்க்கையில் கொண்டுபோய் நிறுத்தப்பட்ட ரைலியின் நிலையை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லிவிட முடியாது. யாரும் இறக்கவில்லை, யாரும் அடிக்கவில்லை, எதற்கு இந்த அழுகை என்று குழந்தையிடம் நாம் கேட்கிறோமே, அந்தக் கேள்விக்கு உரையாசிரியரின் ஒரு வரியில் விடை இருக்கிறது. வீடு மாறுவதும், பள்ளி மாறுவதும், நெருங்கிய தோழி வேறு பிரிவுக்குப் போய்விடுவதும் குழந்தைக்கு அழத்தக்க காரணங்களே.

படத்தின் உச்சம் ஆரவாரமற்றது. தாயின் கடன் அட்டையை எடுத்துக்கொண்டு மினசோட்டாவுக்குத் திரும்பிப் போகப் பேருந்தில் ஏறிவிடுகிறாள் ரைலி. அவள் மனத்தின் கட்டுப்பாட்டுப் பலகை கறுத்துப்போய், எந்த விசையும் வேலை செய்யாமல் நிற்கிறது. அங்கே திரும்பிவந்த மகிழ்ச்சி அந்தப் பலகையைச் சோகத்திடம் ஒப்படைக்கிறாள். சோகம் கை வைத்ததும் ரைலி பேருந்தை நிறுத்தி இறங்கி, வீட்டுக்கு ஓடிவருகிறாள். நான் சந்தோஷமாக இருக்க வேண்டும் என்று நீங்கள் விரும்புகிறீர்கள், ஆனால் எனக்குப் பழைய வீடு வேண்டும், என் தோழிகள் வேண்டும் என்று பெற்றோரின் முன் உடைந்து அழுகிறாள். கோபித்துக்கொள்ளாதீர்கள் என்றும் கேட்டுக்கொள்கிறாள். சோகமாக இருப்பதற்கு ஒரு குழந்தை மன்னிப்புக் கேட்கும் அந்த வரியைக் கேட்டபோது என்னால் அசைய முடியவில்லை. பெற்றோர் அறிவுரை சொல்வதில்லை. தங்களுக்கும் அந்த ஊர் நினைவாகவே இருக்கிறது என்கிறார்கள். எதையெல்லாம் விட்டுவந்தோம் என்று ஆளுக்கொன்றாகச் சொல்கிறார்கள். மூவரும் கட்டிக்கொள்கிறார்கள். அப்போது உருவாகும் புதிய நினைவு உருண்டையில் நீலமும் பொன்னிறமும் கலந்திருக்கின்றன. தொடக்கம் முதலே மகிழ்ச்சியின் தலைமுடி நீல நிறமாக இருந்ததை என் மூத்த பிள்ளை சுட்டிக்காட்டிய பிறகே நான் கவனித்தேன்.

2024இல் வெளியான இரண்டாம் பாகத்தில் ரைலிக்கு 13 வயது. பதற்றம், பொறாமை, வெட்கம், சலிப்பு ஆகியவை புதிதாக வந்து சேர்கின்றன. பதற்றம் கட்டுப்பாட்டைக் கைப்பற்றியபின் மைதானத்தில் அந்தப் பெண் மூச்சுக்குத் திணறும் காட்சி, தேர்வுக்கும் போட்டிக்கும் நடுவே நிற்கும் பிள்ளைகள் பலருக்கும் மிக அருகில் வரும். அப்படம் உலகெங்கும் 160 கோடி டாலருக்கும் மேல் வசூலித்தது. நெஞ்சைத் தொடுவதில் எனக்கு முதல் பாகமே பெரிது. ஆனால், வளரிளம் பருவப் பிள்ளைகள் உள்ள வீடுகளில் இரண்டையும் பார்த்துவிடுவது நல்லது.

பார்க்கும் முறை பற்றியும் ஒரு வார்த்தை. படம் முடிந்த கையோடு, இதிலிருந்து என்ன கற்றுக்கொண்டாய் என்று கேட்டுக் குழந்தையைத் தேர்வில் உட்காரவைக்கும் வழக்கம் நம்மிடம் வலுவாக இருக்கிறது. அதைக் கொஞ்ச நாளைக்கு ஒத்திவைக்கலாம். உனக்குள் இப்போது எந்த உணர்ச்சி விசையில் கை வைத்திருக்கிறது என்று கேட்பது வேறு. எங்கள் வீட்டில் பிள்ளைகள் அதைத் தாங்களாகவே பயன்படுத்தத் தொடங்கிவிட்டார்கள். உணர்ச்சிக்குப் பெயர் சொல்வதே அதன் வேகத்தைத் தணிக்க உதவும் என்பதற்கு ஆய்வுச் சான்றும் உண்டு. மாத்யூ லீபர்மனும் அவருடைய குழுவினரும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், கோபமோ பயமோ தெரியும் முகங்களைப் பார்த்து அந்த உணர்ச்சியின் பெயரைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு, மூளையில் அச்சத்துக்கு விரைந்து எதிர்வினை புரியும் அமிக்டலா என்ற பகுதியின் செயல்பாடு குறைந்திருந்தது. ஆனால், இந்தக் கேள்வியையும் அதட்டலாகக் கேட்டால் பயன் இராது. குழந்தை பதில் சொல்லாவிட்டால் விட்டுவிட வேண்டும்.

இனி என் வேண்டுகோளுக்கு வருகிறேன். குழந்தைகளுக்கான படங்களை விமர்சிக்கும்போது, அழக்கூடும் என்ற எச்சரிக்கையோடு நிறுத்தாமல், எதற்காக அழக்கூடும் என்பதையும் தங்கள் விமர்சகர்கள் எழுத வேண்டும். அந்தத் துயரம் மரணத்தைப் பற்றியதா, பிரிவைப் பற்றியதா, மறக்கப்படுவதைப் பற்றியதா, கைவிடப்படுவதைப் பற்றியதா என்று ஒரு வரியில் சொன்னால், தம் பிள்ளை அண்மையில் எதைக் கடந்து வந்தது என்று அறிந்த பெற்றோர், இப்போது பார்ப்பதா, சில மாதம் கழித்துப் பார்ப்பதா என்று தாமே முடிவு செய்துகொள்வார்கள். நெருங்கிய உறவை இழந்து சில வாரங்களே ஆன குழந்தையும், எதையும் இழந்திராத குழந்தையும் ஒரே காட்சியை ஒரே விதமாகத் தாங்கமாட்டார்கள். அந்த வேறுபாட்டைப் பொதுவான எச்சரிக்கை ஒன்றால் காட்ட முடியாது. எந்த வயதுக்கு உகந்தது என்பதோடு, பெரியவர் ஒருவர் உடனிருந்து பார்க்க வேண்டிய படமா என்பதையும் தெளிவாகக் குறிப்பிடலாம்.

அத்துடன், தங்கள் நாளிதழின் சிறுவர் பகுதியில் படங்களைப் பற்றிக் குழந்தைகளே எழுதுவதற்குச் சிறிது இடம் ஒதுக்க வேண்டும். கதைச்சுருக்கமும் நீதியும் கேட்காமல், எந்தக் காட்சியில் உனக்கு அழுகை வந்தது, அப்போது பக்கத்தில் யார் இருந்தார்கள், அவர்கள் என்ன செய்தார்கள் என்று கேளுங்கள். வீட்டுப் பெரியவர்கள் திருத்தி எழுதாமல், குழந்தையின் எழுத்தை அப்படியே அனுப்ப வேண்டும் என்று ஒரு நிபந்தனையும் போடுங்கள். வாரம் ஒரு கடிதம் வெளிவந்தாலும் போதும். அதைத் தேடிப் படிக்கும் பெற்றோர்களில் நானும் ஒருவராக இருப்பேன்.

நன்றி.

இப்படிக்கு,
இரண்டு பிள்ளைகளின் தாயான ஒரு வாசகி